நிறுத்தச் சொல்லி எழுதாத காகிதம்

என் வீட்டு மனுஷனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று முத்திரை வைத்த காகிதத்தோடு ஊருக்குச் சொன்னவள் நான்தான். அந்தப் புத்தியைக் கலக்கிய மாத்திரைகளை வேளை தவறாமல் உள்ளங்கையில் வைத்து நீட்டியவளும் நான்தான். முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். பிறகு, இந்த ஊல்கான் கிழவி டாக்டரைத் திட்டுகிறாள், ஊரைத் திட்டுகிறாள், தன்னைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை என்று எவளும் டீக்கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பேசக் கூடாது.

அவர் பேரை நான் சொல்ல மாட்டேன். நாற்பத்தாறு வருஷமாகச் சொன்னதில்லை, இனிமேலா சொல்லப்போகிறேன். மற்றவர்கள் சொல்லும்போது கேட்டுக்கொள்ளுங்கள். ஊருக்கு அவர் மீராப். மலையிலிருந்து வரும் வாய்க்கால் தண்ணீரை யார் வயலுக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று முறை வைத்து மதகு திறந்துவிடுகிறவர். எங்கள் கோக்-தால் கிராமத்தில் நூற்றுப் பதினான்கு வீடு. அத்தனை வீட்டு முறையும் அவர் மண்டைக்குள். நோட்டுப் புத்தகம் கிடையாது. யாராவது பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது நிலத்தில் பாதியைப் பிரித்துக்கொடுத்தால், சாயங்காலத்துக்குள் அந்த முறையும் அவர் மண்டையில் இரண்டாகப் பிரிந்துவிடும். இருபத்திரண்டு வருஷம் இப்படித்தான் ஓடியது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். அறுபதைத் தாண்டிய அப்பாவை வசந்தத்தில் ஒரு தடவை, குளிருக்கு முன்னால் ஒரு தடவை, மாவட்ட ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுக்கவைத்து டிரிப் ஏற்றாத மகன் மகனே இல்லை. நோய் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. லாரிக்கு எண்ணெய் மாற்றுகிற மாதிரி. ரஷ்யாவில் கட்டட வேலை செய்கிற என் மூத்தவன் எர்மெக் மார்ச் பிறந்தால் போதும், போனில் பிடித்துக்கொள்வான்.

"அம்மா, அப்பா படுத்தாச்சா?"

"நல்லாத்தான்டா இருக்கார். குதிரை மாதிரி நடக்கறார்."

"நல்லா இருக்கறப்பவே படுக்கணும். அக்கம்பக்கத்து அப்பாங்க எல்லாம் படுத்தாச்சாம். என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

படுப்பார். இரண்டு கைக்கும் மாறி மாறி ஊசி குத்தி, பக்கத்துப் படுக்கைக் கிழவர்களோடு சீட்டாடிவிட்டு, பதினோராம் நாள் ஒரு காகிதத்தோடு வருவார். அந்தக் காகிதம்தான் குடும்பத்துக்குப் பெருமை. அதில் என்னென்ன மாத்திரை என்று எழுதியிருக்கும். நான் அதைக் கண்ணாடி அலமாரியில், கல்யாணத்துக்கு வந்த கிண்ணங்களுக்குப் பக்கத்தில் வைப்பேன்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய வசந்தத்தில், ராத்திரியில் கால் எரிகிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். ஒரு டாக்டர் நரம்புக்கு மாத்திரை எழுதினார். சாப்பிட்டார். எரிச்சல் குறைந்தது, வாய் காய்ந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது கிழவி என்பார். நான் டீ ஊற்றுவேன், அவர் குடிப்பார், நான் மறுபடி ஊற்றுவேன். இவ்வளவு குடித்தால் என்ன ஆகும்? ஒன்றுக்குப் போகிறதே வேலையாகப் போயிற்று. அடுத்த தடவை வேறொரு டாக்டர். அடிக்கடி போகிறதா, இந்தா அதற்கு ஒரு மாத்திரை. அதைச் சாப்பிட்டதும் வாய் இன்னும் காய்ந்தது, மலச்சிக்கல் வேறு. ராத்திரி தூக்கமில்லை என்றார். இந்தா தூக்கத்துக்கு. உடம்பு அரிக்கிறது என்றார். இந்தா அரிப்புக்கு. ஒவ்வொரு தடவையும் புதுக் காகிதம் வரும். பழைய காகிதத்தில் இருப்பதை நிறுத்து என்று ஒருத்தரும் எழுதவில்லை. எழுதவில்லை என்றால் நான் எப்படி நிறுத்துவேன்? நான் பஞ்சு ஆலையில் வேலை பார்த்தவள், டாக்டருக்குப் படித்தவளா? நான்கு காகிதத்தையும் பரப்பி வைத்துக்கொண்டு, காலையில் இது, மத்தியானம் இது, படுக்கும்போது இது என்று ஒன்று விடாமல் கொடுத்தேன். மாமனாரைக்கூட இவ்வளவு பயபக்தியோடு நான் கவனித்ததில்லை.

அப்புறம் மனுஷன் மாறினார். ரொட்டியைப் பிட்டு வாயில் வைத்தபடியே தூங்கினார். வாசற்படியில் தடுக்கினார். பேரன் பேரை என்னைக் கேட்டார். ஒரு கதையை ஆரம்பித்து, நடுவில் நின்று, என் முகத்தைப் பார்ப்பார், நான் முடித்துவைப்பேன் என்று. ஆஸ்பத்திரியில் சொன்னேன். "மூளைக்கு ரத்தம் போகலை. வயசாச்சு இல்ல?" என்று அதற்கும் ஒரு டிரிப் ஏற்றினார்கள்.

போன ஜூலையில்தான் அந்தக் கேடு நடந்தது. குமுஷாய் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள். புருஷன் ரஷ்யாவில் சாரம் சரிந்து செத்தவன். அரை ஹெக்டேர் வெங்காயத்தை வைத்துக்கொண்டு ஒண்டியாகக் குடும்பத்தை ஓட்டுகிறவள்.

"மீராப் அண்ணா, செவ்வாய்க்கிழமை என் முறை. மதகே திறக்கலையே. வெங்காயம் வாடிக் கெடக்கு."

"திறந்தேனே. காலையில ஆறு மணிக்கு நானே திறந்தேன்."

"இல்லண்ணா. விடியறதுக்கு முந்தியே வரப்புல வந்து உக்காந்துட்டேன். சொட்டுத் தண்ணி வரல."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"ஐயோ, அப்படிச் சொல்லலண்ணா. மறந்திருப்பீங்கன்னு..."

மறதி என்ற வார்த்தை அவருக்குப் பிடிக்கவில்லை. என் மனுஷன் பெண்பிள்ளைகளிடம் குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை. அன்றைக்குத் தெருவே கேட்கக் கத்தினார். "இருபத்திரண்டு வருஷத்துல எவனாவது என்னை இப்படிக் கேட்டிருக்கானா? ரெண்டாவது தண்ணிக்கு ஆசைப்பட்டுப் பொய் சொல்ற. பொய்க்காரி!"

விஷயம் பெரியவர்கள் மன்றத்துக்குப் போனது. அப்திகபார் பெரியவர் தாடியைத் தடவிக்கொண்டு, "ஜோரோபாய் வார்த்தை இன்னிக்கு வரைக்கும் தப்பினதில்லை" என்றார். அவ்வளவுதான் விசாரணை. குமுஷாய் சொன்னது பொய் என்று மன்றத்து நோட்டில் எழுதினார்கள். அடுத்த முறை வரை பன்னிரண்டு நாள், அவளுக்குத் தண்ணீர் கிடையாது. ஜூலை வெயிலில் பன்னிரண்டு நாள். வெங்காயத் தாள் வைக்கோலாகிப் போயிற்று. கடையில் அவள் நுழைந்தால் மற்ற பெண்கள் வாயை மூடிக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

ஆகஸ்டில் இன்னும் மூன்று முறை குளறுபடி. ஒரே நாளில் இரண்டு பேருக்குத் தண்ணீர் விட்டதில், அவர்கள் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு நின்றார்கள். ஊர் சூடாகிவிட்டது. அவரை நடுவில் நிறுத்தி அவமானப்படுத்தப்போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், மூளை தேய்வு, நினைவு தவறியது என்று முத்திரை வைத்த காகிதம் வாங்கிக்கொண்டு வந்து, பெரியவர்கள் முன்னால் நீட்டி அழுதேன். "அவர் மேல தப்பில்லைங்க. நோயாளி. அவரை விட்டுடுங்க."

விட்டுவிட்டார்கள். ஆனால் எப்படி? மதகுச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். நோட்டில் எழுதினார்கள்: ஜோரோபாய்க்கு நினைவு தப்பிவிட்டது, இனி அவர் வார்த்தை செல்லாது. எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று நினைக்கிறீர்கள்? நிக்காவுக்குச் சாட்சி நிற்க முடியாது. வரப்புத் தகராறில் வாய் திறக்க முடியாது. அவர் "சரி" என்றாலும் யாரும் கேட்கமாட்டார்கள், "இல்லை" என்றாலும் கேட்கமாட்டார்கள். உயிரோடு இருக்கிற மனுஷனின் வாயைத் தைத்த மாதிரி. அவருக்கு அதுவும் சரியாகப் புரியவில்லை. புரியாததே நல்லது என்று நான் நினைத்தேன்.

ஜனவரியில், மலைக்கு அந்தப் பக்கம் இருந்த என் அக்கா இறந்துபோனாள். ஏழாம் நாள் வரைக்கும் இருந்துவிட்டு வரலாம் என்று போனேன். பனி கொட்டிக் கணவாயை மூடிவிட்டது. ஏழு நாள் இருபத்தாறு நாளாயிற்று. போகும்போது சின்னவன் பெண்டாட்டி நாஸ்பீகேயை உட்காரவைத்துக் காகிதங்களைக் காட்டி, எந்த வேளைக்கு எது என்று மூன்று தடவை சொன்னேன். தலையை ஆட்டினாள். அவள் எல்லாவற்றுக்கும் தலையைத்தான் ஆட்டுவாள். மாமனார் முகத்தை நேராகப் பார்க்காத பிள்ளை.

பிப்ரவரியில் வீடு வந்து சேர்ந்தேன். வாசலில் என் மனுஷன் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"வா கிழவி. அக்காவை எங்க அடக்கம் பண்ணீங்க? அத்தான் பக்கத்துலயா, இல்ல உங்க அப்பா பக்கத்துலயா? அவ அப்பா பக்கத்துலதான் வைக்கணும்னு நம்ம எர்மெக் கல்யாணத்துலயே சொல்லிட்டு இருந்தாளே."

நான் மூட்டையைப் பனியிலேயே போட்டுவிட்டேன். எர்மெக் கல்யாணம் பதினேழு வருஷத்துக்கு முன்னால்.

உள்ளே போய் நாஸ்பீகேயைப் பிடித்தேன். "என்னடி பண்ணின? புதுசா எதாவது மருந்து கொடுத்தியா? எந்த டாக்டர் வந்தார்?" அவள் முகம் வெளுத்துப் போயிற்று. சமையல் கட்டுக்குள் போய் ஒரு ஜாம் பாட்டிலை எடுத்துவந்தாள். பாட்டில் பாதிக்கு மேல் மாத்திரை. வெள்ளை, மஞ்சள், நீலம்.

"அத்தை, அடிக்காதீங்க. வேளாவேளைக்கு டீக்கிண்ணம் பக்கத்துல வச்சேன். மாமா எடுக்கல. மாத்திரை சாப்பிடுங்கன்னு நான் எப்படி மாமாகிட்ட சொல்றது? எடுத்து எடுத்து இதுல போட்டுட்டேன்."

"உன் புருஷன்கிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"அவரு ராத்திரி வண்டியை நிறுத்திட்டு வந்ததும் தூங்கிடறாரு. மொத வாரம் மாமாவுக்குக் கையெல்லாம் நடுங்கிச்சு, தூங்கவே இல்ல. நான் பயந்து செத்தேன். அப்புறம்... அப்புறம் ஒருநாள் என்னை நாஸ்பீகேன்னு பேர் சொல்லிக் கூப்பிட்டாரு அத்தை. ஒரு வருஷமா கூப்பிட்டதே இல்ல."

அந்தப் பிள்ளை வெட்கப்பட்டதால் என் மனுஷன் திரும்பி வந்திருக்கிறார். நான் கடமை தவறாமல் இருந்ததால் போயிருக்கிறார். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

பாட்டிலையும் காகிதங்களையும் தூக்கிக்கொண்டு ஊர் மருத்துவ நிலையத்தில் இருக்கும் நர்ஸ் புருல்சாவிடம் போனேன். முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் ஊசி போடுகிறவள், நாக்கும் ஊசிதான். காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் சிவந்தது.

"அண்ணி, இந்த நாலையும் சேர்த்தா கொடுத்தீங்க? ஒண்ணையும் நிறுத்தாமயா?"

"எழுதியிருக்கே."

"எழுதியிருக்கு, எழுதியிருக்கு! கால் எரிச்சலுக்கு, மூத்திரத்துக்கு, அரிப்புக்கு. இந்த மூணும் ஒரே வேலையைத்தான் பண்ணும். வாயைக் காயவைக்கும், வயித்தைக் கட்டும், மூளையில நினைவுக்கு ஓடற ஓட்டத்தை அடைக்கும். சின்ன வயசுக்காரன் தாங்குவான். எழுபது வயசுல மருந்து உடம்பை விட்டு வெளியே போகவே நாளாகும், நேத்துப் போட்டது மேல இன்னிக்குப் போட்டதும் சேரும். அதுக்கு மேல தூக்க மாத்திரை. பத்து நாளைக்கு மேல கொடுக்கக் கூடாதது அது. குதிரைக்குக் கொடுத்தா குதிரையே பேரை மறந்துடும்."

"அப்ப அவருக்கு மூளை தேயலையா?"

"அது எனக்குத் தெரியாது. எல்லாருக்கும் மாத்திரையை விட்டதும் இப்படித் திரும்பாது. சில பேருக்கு நிஜமாவே நோய் இருக்கும். ஆனா மொதல்ல மாத்திரைக் காகிதத்தைப் பார்க்காம நோய்ன்னு எப்படி முத்திரை குத்தினாங்க? அதைத்தான் கேக்கறேன்." மூச்சு வாங்கினாள். "இன்னொண்ணு கேட்டுக்கோங்க. நீங்க கொடுத்துவச்சவங்க. தூக்க மாத்திரையை இப்படி ஒரேயடியா விட்டா வலிப்பு வந்து ஆள் போயிருக்கலாம். டாக்டரைக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். ஊர்ல இதைப் பெருமையா சொல்லித் திரியாதீங்க, நாளைக்கு எல்லாக் கிழவியும் மாத்திரையைக் குப்பையில போட்டுறப் போறாங்க."

மறுநாளே மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனேன். சின்னவனுடைய வண்டியில் முன் சீட்டில், மடியில் ஜாம் பாட்டிலோடு. முதல் காகிதம் எழுதிய டாக்டர் இன்னும் அங்கேதான் இருந்தார். வழுக்கை, பளபளவென்று பேனா. பாட்டிலை மேஜைமேல் வைத்தேன்.

"இது நான் எழுதினது சரிதான். ஆனா மூணு மாசத்துக்குத்தான்."

"மூணு மாசம்னு எங்க எழுதியிருக்கு?"

"அதெல்லாம் தெரிஞ்ச விஷயம்."

"யாருக்குத் தெரிஞ்ச விஷயம்? என்னை மாதிரி மாட்டுக்கா? நான் காகிதத்தைத்தானே படிக்க முடியும், உங்க மனசையா படிக்க முடியும்? அப்புறம் அஞ்சு தடவை வந்து படுத்தாரே, ஒரு தடவையாவது என்னென்ன சாப்பிடறீங்கன்னு எவனாவது கேட்டானா?"

"மத்த டாக்டர் எழுதினதை நான் அடிக்கக் கூடாதும்மா. அது மரியாதை இல்ல."

மரியாதை! எழுதியவருக்கு எழுதியவர் மரியாதை, அதற்கு என் மனுஷன் புத்தி காணிக்கை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த தாழ்வாரத்தில் படுத்திருந்த கிழவர்கள் எல்லாம் டிரிப் குழாயோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். கத்தி ஓய்ந்த பிறகு, வந்த காரியத்தைக் கேட்டேன். "சரி. புத்தி போச்சுன்னு முத்திரை வச்சுக் கொடுத்தீங்க. இப்ப வந்துடுச்சுன்னு வச்சுக் கொடுங்க."

"அப்படி ஒரு படிவம் கிடையாதும்மா."

"போச்சுன்னு எழுதப் படிவம் இருக்கு, வந்துச்சுன்னு எழுத இல்லையா?"

"இந்த நோய் குணமாகாது. அதனால படிவமும் கிடையாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, நல்லது செய்கிற முகத்தோடு சொன்னார்: "மார்ச்ல ஒரு படுக்கை காலியாகுது. கூட்டிட்டு வாங்க, டிரிப் ஏத்திப் பார்க்கலாம்."

அந்த மனுஷனைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. என் மகன்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

வீட்டில் ஒருநாள் மத்தியானம் அவர் சாப்பிடாமல் ரொட்டியை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

"கிழவி, போன ஜூலையில குமுஷாயைப் பொய்க்காரின்னு சொன்னேன் இல்ல?"

"நினைவிருக்கா?"

"கத்தினது நினைவிருக்கு. மதகைத் திறந்தது நினைவில்ல. எவ்வளவு தேடினாலும் இல்ல. திறந்திருந்தா கைக்குத் தெரியும், அந்தச் சக்கரத்துல ஒரு பல் உடைஞ்சிருக்கு, ஒவ்வொரு தடவையும் உள்ளங்கையில குத்தும். நான் திறக்கல. அவ சொன்னது நெசம்."

"விடுங்க. நோய். எல்லாருக்கும் தெரியும். நோட்டுலயே எழுதியாச்சு."

"அவளைப் பத்தி எழுதினது அப்படியேதானே இருக்கு?"

நான் தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மார்ச் கடைசியில், தண்ணீர் விடுவதற்கு முன்னால், ஊரே சேர்ந்து வாய்க்காலைத் தூர் வாரும் நாள். ஆண்கள் மண்வெட்டியோடு வாய்க்காலுக்குள், பெண்கள் கரையில் பெரிய கொப்பரையில் புலாவு. சாப்பாடு முடிந்ததும் பெரியவர்கள் கம்பளத்தில் உட்கார்ந்து வருஷத்து மீராப்பைத் தேர்ந்தெடுப்பார்கள். என் மனுஷனும் காலையிலிருந்து மண் அள்ளினார். யாரும் தடுக்கவில்லை, யாரும் பேசவும் இல்லை. பாவம் கிழவன் என்று பெரிய எலும்பாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தார்கள்.

அவர் தட்டை வைத்துவிட்டு எழுந்தார். "பெரியவங்க கிட்ட ஒரு வார்த்தை."

"உக்காரு ஜோரோபாய், உடம்பு முடியாதவன்," என்றார் அப்திகபார் பெரியவர், குழந்தையிடம் பேசுகிற குரலில்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. போன ஜூலையில குமுஷாய் முறைக்கு நான் மதகு திறக்கல. அவளைப் பொய்க்காரின்னேன். பொய் என்னோடது. அவ வெங்காயம் கருகினதுக்கு நான்தான் காரணம். நோட்டுல அதை எழுதுங்க. இந்த வருஷம் என் வயலுக்கு வர்ற மொதல் மூணு முறைத் தண்ணியும் அவளுக்கு."

கொப்பரையைச் சுரண்டிக்கொண்டிருந்த நான் கரண்டியோடு நிமிர்ந்தேன்.

"உன் மேல தப்பே இல்லப்பா," என்றார் அப்திகபார். "நோய். அதுக்கு முத்திரை இருக்கு."

"நான் நோயாளின்னா தப்பு என்னுது இல்ல. எனக்குப் புத்தி இருக்குன்னா தப்பு என்னுது. நான் புத்தியை எடுத்துக்கறேன், தப்பையும் சேர்த்து எடுத்துக்கறேன்."

"அப்ப அதுக்கும் ஒரு முத்திரைக் காகிதம் கொண்டு வா. அதில்லாம உன் வார்த்தையை எப்படி நோட்டுல ஏத்தறது? நோட்டுலதான் செல்லாதுன்னு எழுதியிருக்கே."

பார்த்தீர்களா! நான் கொப்பரைக் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுப் போனேன். பெண்கள் பேசுகிற இடமில்லை, தெரியும். "காகிதம் கிடைக்காது பெரியவரே! போய்க் கேட்டுட்டு வந்துட்டேன். புத்தி போறதுக்குத்தான் படிவம் வச்சிருக்காங்களாம். அவர் முகத்தைப் பாருங்க, அவர் பேச்சைக் கேளுங்க, அதுக்கு மேல என்ன முத்திரை வேணும்? நான்தான் மாத்திரை கொடுத்தேன், எழுதணும்னா என் பேரை எழுதுங்க!" என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினேன். மூன்று பேர் தலையைக் குனிந்தார்கள். அவர்கள் வீட்டு அலமாரியிலும் காகிதங்கள் இருக்கின்றன, எனக்குத் தெரியாதா?

அப்திகபார் அசையவில்லை. "நினைவு தப்பினவன் சொல்றதை வச்சுத் தீர்ப்பை மாத்த முடியாது ஊல்கான்."

அப்போதுதான் கரைக்கு அந்தப் பக்கம் இருந்த குமுஷாய் எழுந்தாள். கையில் வெங்காயம் நறுக்கின கத்தி. அதைத் துணியில் துடைத்தாள்.

"பெரியவரே, அவர் இன்னிக்குச் சொல்றது புத்தி கெட்டவர் பேச்சு. சரி. போன ஜூலையில என்னைப் பொய்க்காரின்னு சொன்னாரே, அது யார் பேச்சு? அதை மட்டும் எப்படி நம்பி எழுதினீங்க? அன்னிக்குப் புத்தி இருந்துச்சா, இன்னிக்கு இருக்கா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க. எதைச் சொன்னாலும் நான் பொய்க்காரி இல்ல."

பின்னாலிருந்து எவனோ சிரித்தான். பிறகு இன்னொருவன், "அவ சொல்றது நியாயம்தானே?" என்றான். நோட்டு திறந்தது. குமுஷாய் சொன்னது உண்மை என்று எழுதினார்கள். ரொம்ப நேரம் முணுமுணுத்துக்கொண்டு, ஜோரோபாய் வார்த்தை செல்லும் என்றும் எழுதினார்கள். மீராப்பாக வேறொருத்தனைத்தான் வைத்தார்கள், நாற்பது வயதுக்காரன், நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்வானாம். என் மனுஷன் குமுஷாயின் முன்னால் போய்த் தொப்பியைக் கழற்றி நின்றார்.

"தண்ணியை எடுத்துக்கறேன் அண்ணா," என்றாள் அவள். "அது எனக்குச் சேர வேண்டியது. நீங்க இத்தனை பேர் முன்னால எழுந்து நின்னீங்க. எனக்கு அது போதும்."

எனக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. பாத்திரங்களைக் கழுவும்போது அவள் பக்கத்தில் போய்க் குந்தினேன். ஜெயித்து வந்த பெருமை இன்னும் என் குரலில் இருந்தது. "அந்த ஆஸ்பத்திரிக்காரனுங்களை விடறதா இல்ல குமுஷாய். பாவிங்க. எத்தனை பேர் புத்தியை இப்படித் தின்னிருப்பானுங்க! அவனுங்களாலதானே உனக்கும் இந்தக் கதி."

அவள் தட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா. அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில ஆறு மணிக்கு அண்ணன் எங்க இருந்தாரு?"

பாத்திரம் கழுவ மலை ஓடையிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் அது, பனி உருகி வருவது. என் கைகள் அதற்குள் இருந்தன.

அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பத்து மணி வரைக்கும் தூங்கினார். நான்தான் போர்வையை இழுத்து மூடிவிட்டேன், பாவம் தூங்கட்டும் என்று. அவள் வாசலில் நின்று மதகு திறக்கவில்லை என்று சொன்னபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பெரியவர்கள் விசாரித்தபோதும் நான் அங்கே இருந்தேன். அவர் மானம் போய்விடக் கூடாது என்று பேசாமல் இருந்தேன். ஆகஸ்டில் முத்திரைக் காகிதத்தைக் கொண்டுபோய் அழுதேனே, அன்றைக்காவது குமுஷாய் பேரைச் சேர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேனா, என் முகத்திலிருந்தே அவள் படித்துக்கொண்டாளா, தெரியவில்லை. தட்டைக் கவிழ்த்து வைத்தாள். கையை உதறினாள்.

"அண்ணன் மாத்திரை சாப்பிட்டாரு, மறந்துட்டாரு," என்றாள். "நீங்க எந்த மாத்திரை சாப்பிட்டீங்க அண்ணி?"